சொல்தா வீட்டு விங் கமாண்டர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்ப் பெரியவர் புகழ்வேந்தன் ஐயா அவர்களே, எங்கள் தலைமை ஆசிரியை புவனேஸ்வரி அம்மா அவர்களே, தாம்பரத்திலிருந்து இரண்டாம் முறையாக எங்கள் ஊருக்கு வந்திருக்கும் விமானப்படை ஸ்குவாட்ரன் லீடர் அவர்களே, அவரோடு வந்திருக்கும் சார்ஜென்ட் அவர்களே, திருபுவனைக் கம்பெனிகளில் ஷிப்ட் முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து நிற்கும் அண்ணன்களே, நடவை விட்டுவிட்டு வந்திருக்கும் அம்மாக்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அமுதம் அம்மா அவர்களே! உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

என் பெயர் இளவரசி. பதினோராம் வகுப்பு படிக்கிறேன். "நீதான் நல்லா எழுதுவ, நீயே பேசு" என்று சொல்லி என்னை இந்த மேடைக்கு அனுப்பினார்கள். நல்லா எழுதுவ! அந்த இரண்டு சொல்லைக் கேட்டாலே பதினாறு நாளாக எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

நாம் அஞ்சலி செலுத்த வந்திருக்கும் ஐயா இறந்த நாளிலிருந்து, அவர் மனைவி அமுதம் அம்மா ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். "அவுங்க ஏன் நேரத்துக்கு வரல?" துக்கம் கேட்க வந்தவர்களிடம் கேட்டார். நேற்று கருமாதியில் கேட்டார். முப்பது வருடம் ஐயா உழைத்த விமானப்படை, அவர் உடலுக்கு மரியாதை செய்ய ஏன் நேரத்துக்கு வரவில்லை? மறந்துவிட்டார்களா? அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் பதில் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி நான். அந்தப் பதிலைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கக் கூடாது என்று முடிவு செய்துதான் வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஐயாவைப் பற்றிப் பேச அனுமதியுங்கள். அந்தத் தைரியம் அவரைப் பற்றிப் பேசப் பேசத்தான் எனக்கு வரும்.

எண்பது வயதுக்காரர் இறந்ததில் என்ன அதிர்ச்சி என்று கேட்கலாம். அன்று செவ்வாய்க்கிழமை. காலை ஏழு நாற்பதுக்கு ஐயாவை நான் பார்த்தேன். பள்ளி வேனைச் சுற்றி வந்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்றார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. இரண்டாம் பாடவேளை தொடங்கும்போது எங்கள் தெருப் பிள்ளைகளை மட்டும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டால், "சொல்தா போயிட்டாரு" என்றார்கள். போய்விட்டாரா? எங்கே போய்விட்டார்? இப்போதுதானே கட்டைவிரல் காட்டினார்! கரும்புத் தோட்டத்துக்குத் தண்ணீர் திருப்பப் போனவர் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அது முதல் அதிர்ச்சி. அன்று மாலையே இரண்டாவது வந்தது. அதிலிருந்துதான் நான் இன்னும் மீளவில்லை.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துவிட்டு, பிரான்சு தரும் பென்ஷனில் வாழ்கிறவர்களை எங்கள் பாண்டிச்சேரிப் பக்கத்தில் சொல்தா என்று சொல்வோம். ஒவ்வொரு ஊரிலும் ஒரு சொல்தா வீடு இருக்கும். எங்கள் உறுவையாற்றிலும் இருக்கிறது. அந்த வீட்டில் இருந்ததால் ஐயாவும் சொல்தா. தம்பிகள் எல்லோரும் பிரான்சில் இருந்தார்கள். மாதம் பிறந்தால் பென்ஷன் வந்தது. நடையில் மிடுக்கு இருந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சொல்தா ராமு! எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் அதுதான். என் அப்பாவுக்கும் அதுதான்.

அவர் சொல்தா இல்லை. ராமு என்பதும் வீட்டில் கூப்பிட்ட பெயர்தான்.

அவர் விங் கமாண்டர் அரிகரன், வீர் சக்ரா. இந்திய விமானப்படையின் போர் விமானி. 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில் நடந்த வான் சண்டையில் எதிரி விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியவர்.

இந்த மூன்று வாக்கியங்களை இப்போது எளிதாகச் சொல்லிவிட்டேன். அன்று மாலை இவை ஒவ்வொன்றாக வந்தபோது எங்கள் தெருவே திருப்பித் திருப்பிக் கேட்டது. விமானியா? நம் சொல்தாவா? கரும்புக்குத் தண்ணீர் கட்டியவரா? ரேஷன் கடை வரிசையில் நம் பின்னால் நின்றவரா?

அந்த விருதோடு தரப்பட்ட குறிப்பை அமுதம் அம்மா எனக்குக் காட்டினார். ஒரு பக்கம்தான். அதை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. இவர்கள் இரண்டு விமானங்கள். எதிரில் வந்தவை நான்கு. ஐயாவின் விமானத்து வால் பகுதியில் குண்டு பட்டது. அந்த நிமிடமே திரும்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பவில்லை. கூட வந்த இன்னொரு விமானியின் பின்னால் எதிரி ஒருவன் ஒட்டிக்கொண்டிருந்தான். அவனைத் துரத்தி வீழ்த்தி, தோழரை முன்னால் போகவிட்டு, ஆடுகிற விமானத்தோடு தான் கடைசியாக வந்து இறங்கினார். சண்டை நடந்தது நான்கு நிமிடத்துக்கும் குறைவு. நான்கு நிமிடம்! கடையில் ஒரு டீ குடித்து முடிக்க நமக்கு அதைவிட அதிக நேரம் ஆகிறது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

அவ்வளவு செய்தவர் நம்மிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னார் என்பதுதான் உண்மை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்த முதல் வாரம் டீக்கடையில் சொல்லியிருக்கிறார். "ஏர்போர்ஸா? எங்கப்பா உன் பிளேனு? ஆத்தங்கரையில நிறுத்தி வச்சிருக்கியா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிட்டார். அதோடு முடிந்தது.

ஒவ்வொரு ஜூலை பதினாலும், பிரெஞ்சு தேசிய தினத்தன்று, பாண்டிச்சேரியில் பிரெஞ்சு சொல்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு அணிவகுப்பார்கள் அல்லவா? ஊர் முனையில் கடை வைத்திருக்கும் கமருதீன் பாய் அங்கிருந்தே ஐயாவுக்குக் குரல் கொடுப்பார். "இன்னா சொல்தா, மெடல மாட்டிக்கினு நீ போவலியா?"

"என் மெடலு அங்க செல்லாது பாய்."

"ஏன், அடகு வச்சிட்டியா?"

எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். அவர் சொன்னது நகைச்சுவை இல்லை, அப்பட்டமான உண்மை என்று நம்மில் ஒருவருக்காவது தோன்றியதா?

மற்றவர்களைச் சொல்வானேன்? போன வருடம் ஒரு கட்டுரைப் போட்டிக்காக அவரிடம் போய், "ஐயா, பிரெஞ்சுல ரெண்டு வரி சொல்லுங்க, கட்டுரைல சேத்துக்கறேன்" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு போன்ஷூர்னு வணக்கம் சொல்றது மட்டுந்தாம்மா. அதுவும் எங்க அப்பாரு சொன்னது" என்றார். இருபது முப்பது வருடம் பிரெஞ்சுப் படையில் இருந்தவருக்கு எப்படி ஒரே ஒரு வார்த்தை தெரியும் என்று நான் கேட்டிருக்க வேண்டாமா? இவ்வளவு புத்தகம் படிக்கிறேன் என்று பெயர் வாங்கியவள் கேட்டிருக்க வேண்டாமா? 'என்ன தன்னடக்கம்!' என்று வியந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அவர் ஏன் திருத்தவில்லை என்பதை அமுதம் அம்மாதான் சொன்னார். உண்மையான சொல்தா ஐயாவின் அப்பா. பிரெஞ்சுப் படையில் இந்தோசீனா வரை போய் வந்தவர். பாண்டிச்சேரி இந்தியாவோடு சேர்ந்த பிறகு, ஐயாவுக்குப் பதினெட்டு வயதில், எந்த நாட்டுக் குடிமகன் என்று எழுதிக் கொடுக்கும் நேரம் வந்தபோது, தம்பிகள் எல்லாம் அப்பா வழியில் போகவிருக்க, இவர் மட்டும் இந்தியா என்று எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து அப்பா இவரோடு பேசவில்லை. பேசாமலே கண்ணை மூடிவிட்டார். ஐயா அம்மாவிடம் சொல்வாராம்: "அவுரு பட்டத்த வச்சி என்னக் கூப்புடுறாங்க அமுதம். உசுரோட இருந்தப்ப அவுரு குடுக்காதது. இருந்துட்டுப் போவட்டும் வுடு."

அவையோரே! பதக்கத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அப்பாவின் பெயரை வெளியே போட்டுக்கொண்ட மனிதரைப் பற்றிப் பேசுகிறேன்.

அவர் நமக்குச் செய்ததும் நமக்குப் புரியாமலே போனது. பள்ளி வேனையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வருடமாக, வேன் நிற்கிற நேரத்துக்கு வந்து, அதை ஒரு முறை இடமிருந்து வலமாகச் சுற்றுவார். டயரைக் கையால் தொடுவார், குனிந்து அடியில் பார்ப்பார். ஓட்டுநர் மாரிமுத்து அண்ணனுக்கு முதல் நாள் பயங்கரக் கோபம்.

"இன்னா பெருசு, வண்டிக்குத் திருஷ்டி கழிக்கிறியா? எலுமிச்சம்பழம் எங்க?"

"பின் சக்கரத்துல ரெண்டு நட்டு லூசு, மாரி. மூடிக்கினு ஓட்றியா, முடுக்கிக்கினு ஓட்றியா?"

வேனுக்குள் நாங்கள் கத்திச் சிரித்தோம். மாரிமுத்து அண்ணன் முணுமுணுத்தபடி இறங்கிப் பார்த்தார். ஸ்பானரை எடுத்தார். மறுநாளிலிருந்து ஐயா கட்டைவிரலைக் காட்டாமல் அவர் சாவியைத் திருப்பியதே கிடையாது. விமானி ஏறும் முன்னால் தன் விமானத்தைச் சுற்றி வந்து இப்படித்தான் கையால் தொட்டுப் பார்ப்பார் என்று சார்ஜென்ட் அவர்கள் சொன்னபோது, வேனில் சிரித்த எங்கள் முகமெல்லாம் எப்படி இருந்திருக்கும்! நாற்பது பிள்ளைகளையும் ஒவ்வொரு காலையும் ஒரு போர் விமானி அனுமதி கொடுத்து அனுப்பியிருக்கிறார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

சரி. இனியும் தள்ளிப்போட முடியாது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது பத்தரை மணி. தெரு அண்ணன்கள் வந்தார்கள். "இளவரசி, பேனர் அடிக்கணும். வில்லியனூர்ல ஆள் உக்காந்திருக்கான். சீக்கிரம் நாலு வரி எழுதிக் குடு." பத்தே நிமிடத்தில் எழுதினேன். 'பிரெஞ்சுப் படையில் பெருமையோடு பணிபுரிந்த, போர்முனை கண்ட எங்கள் சொல்தா ராமு ஐயாவுக்குக் கண்ணீர் அஞ்சலி.' பிரெஞ்சு, பெருமை, பணி, போர்முனை. மோனை சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். உண்மையா என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. ஐயாவின் வீடு எங்கள் வீட்டிலிருந்து ஐந்தாவது வீடு. அமுதம் அம்மாவிடம் யாரையாவது விட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். துக்க வீட்டில் போய் இதையா கேட்பது என்று நினைத்தேன். கேட்க என்ன இருக்கிறது, எல்லாம்தான் தெரியுமே என்றும் நினைத்தேன். பன்னிரண்டரைக்கெல்லாம் பேனர் ஊர் முனையில், கமருதீன் பாய் கடைக்கு எதிரில் நின்றது. பத்தடி உயரம். அத்தனை பேரும் பாராட்டினார்கள்.

அதற்குள் அமுதம் அம்மா, ஐயாவோடு அன்று வானில் இருந்த அந்தத் தோழருக்குப் போன் செய்திருந்தார். அவர் பெங்களூரில் இருக்கிறார். அவர்தான் விமானப்படைக்குச் சொன்னார். அம்மா வந்தவர்களிடமெல்லாம், "அவுங்க வருவாங்க, கொஞ்சம் இருங்க" என்றார். யார் வருவார்கள் என்று நமக்குப் புரியவில்லை. பிரான்சிலிருந்து உறவுக்காரர்கள் என்று நினைத்தோம். அவர்கள் எப்படி ஒரே நாளில் வருவார்கள்? "இருட்டறதுக்குள்ள எடுத்துடணும்மா" என்று புகழ்வேந்தன் ஐயா சொன்னார். அது தவறில்லை, ஊர் வழக்கம் அது. நாலரை வரை பொறுத்துப் பார்த்துவிட்டு எடுத்தார்கள்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அதனால் அடுத்து நடந்ததை நானும் பார்க்கவில்லை, அமுதம் அம்மாவும் பார்க்கவில்லை. அப்பா வந்து சொன்னதுதான். சிதை மூட்டி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு ஜீப் புழுதி பறக்க வந்து நின்றது. நீல உடையில் நான்கு பேர் ஓடி வந்தார்கள். நடந்து வரவில்லை, ஓடி வந்தார்கள். கையில் மலர் வளையம். எரிகிற சிதைக்கு முன்னால் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். ஒருவர் பியூகிள் ஊதினார். அந்த ஓசை தெரு வரைக்கும் கேட்டது. என்ன சத்தம் என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தரையில் கிடந்த அமுதம் அம்மா மட்டும் எழுந்து, விறைப்பாக, நேராக நின்றார். ஊதி முடியும்வரை நின்றார். பிறகு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின் ஸ்குவாட்ரன் லீடர் அவர்கள் வீட்டுக்கு வந்தார். தாமதமாக வந்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஒரே வாக்கியம். காரணம் எதுவும் சொல்லவில்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தலை குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தார்.

ஊர் முனையில் ஜீப்பில் ஏறப்போன சார்ஜென்ட் அவர்கள் பேனரைக் காட்டி, "இத எழுதுனது யாரும்மா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற நான், கேளுங்கள் அவையோரே, பெருமையாக, "நான்தான் சார்" என்றேன்.

அவர் ஜீப்பில் ஏறாமல் என் பக்கம் வந்தார். "நாங்க மூணு பத்துக்கே இங்க வந்துட்டோம்மா" என்றார்.

மூன்று பத்து! ஐயா அப்போது வீட்டு வாசலில்தான் இருந்தார். முந்நூறு அடி தூரம்கூட இல்லை. விங் கமாண்டர் அரிகரன் வீடு எது என்று கமருதீன் பாயிடம் கேட்டிருக்கிறார்கள். பாய் மனதறிந்து பொய் சொல்லவில்லை. "கமாண்டரா? அப்டி யாரும் இங்க இல்லியே சார். இன்னிக்கி சாவு சொல்தா வூட்லதான். அவுரு பிரெஞ்சுக்காரங்ககிட்ட இருந்தவரு. தோ, போட்டுக்குது பாருங்க" என்று என் பேனரைக் காட்டியிருக்கிறார். சார்ஜென்ட் அவர்களுக்குத் தமிழ் தெரியும். என் வரிகளை முழுவதும் படித்தார். பெயரும் வேறு, படையும் வேறு, நாடும் வேறு. இவர் நம் ஆள் இல்லை என்று அதிகாரியிடம் சொன்னார். "கரியமாணிக்கத்துல ஒரு அரிகரன் இருக்காரு சார், பட்டாளத்துக்காரரு" என்று பாய் வழி காட்டினார். அங்கே போனார்கள். அந்த அரிகரன் நல்ல சுகத்தோடு மாட்டுக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தாராம். அம்மாவின் போனுக்கு எட்டு முறை அழைத்தார்கள். அது சார்ஜ் இல்லாமல் அலமாரியில் கிடந்தது. கடைசியில் பெங்களூர்த் தோழரைப் பிடித்து விசாரித்தபோதுதான் அவர், "ஐயோ, அந்த ஊர்ல சொல்தா வூடுன்னு கேளுங்கப்பா" என்றாராம்.

அன்றிரவே கமருதீன் பாய் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். "பாப்பா, வழி காட்டுனது நானு, எழுதுனது நீ. அந்தம்மாகிட்ட சொல்லிடலாமா?" என்றார். எனக்குப் பயமாக இருந்தது. "அப்புறம் பாய்" என்றேன். அந்த அப்புறம் பதினாறு நாள் நீண்டுவிட்டது. இன்று அவர் கடையை மூடிவிட்டு, மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் மேல் யாரும் கோபப்படாதீர்கள். என் எழுத்தைப் பார்த்துத்தான் அவர் உறுதியாகச் சொன்னார். அச்சில் இருந்தால் சரியாகத்தானே இருக்கும்!

விங் கமாண்டர் அரிகரன் ஐயாவின் பெயரால் ஓர் உறுதி சொல்கிறேன். எங்கள் பள்ளி மாணவிகள் எல்லோரும் என்னோடு சேர்ந்து சொல்கிறார்கள். உறுவையாற்றில் இன்னும் எத்தனை பேரை நாம் ஒரு பட்டப்பெயருக்குள் வைத்து மூடியிருக்கிறோமோ தெரியாது. அவர்கள் உயிரோடு இருக்கும்போதே, அவர்கள் வாசலுக்குப் போய், நீங்கள் யார் என்று கேட்போம். சொன்னால் சிரிக்க மாட்டோம். சொன்னதை அவர்களுக்கே படித்துக் காட்டிவிட்டுத்தான் எழுதுவோம். ஐயாவின் வரலாற்றை முதலில் எழுதுவோம். அதன் ஒவ்வொரு வரியும் அமுதம் அம்மாவின் காதுக்குப் போன பிறகே தாளுக்குப் போகும்.

அமுதம் அம்மா! உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். அவர்கள் மறக்கவில்லை. நேரத்துக்கு வந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பியது நான். என்னை மன்னியுங்கள் என்று இந்தக் கூட்டத்தின் நடுவில் கேட்டு உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன். கோபத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் என் மேல் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் காரணத்தைச் சொன்னது சார்ஜென்ட் அவர்களின் நல்ல மனது. அதை உங்களிடம் சொல்லாமல், இந்த ஊரில் யாரையும் காட்டிக்கொடுக்காமல், பழியைத் தானே வாங்கிக்கொண்டு போன ஸ்குவாட்ரன் லீடர் அவர்கள் இந்த மேடையில் இருக்கிறார். நான் இவ்வளவு நேரம் பேசியதில் ஒரு சொல்கூட அவருக்குப் புரிந்திருக்காது. அவர் பேசும் இந்தி எங்களில் யாருக்கும் வராது. முப்பது வருடம் விமானப்படைக் குடியிருப்புகளில் வாழ்ந்த உங்களுக்கு வரும்.

ஆறு மணிக்கு அவர் கிளம்ப வேண்டுமாம். இப்போது ஐந்தரை. நான் இறங்கிக்கொள்கிறேன் அம்மா. நீங்கள் அவரிடம் பேசுங்கள்.